முளை கட்டும் தானியமும் குடிபுகுந்த ஊரின் காற்றும்

சொந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நாம், மொழியையும் வழிபாட்டையும் கொண்டு வந்ததுபோல அடுக்களைப் பக்குவங்களையும் கூடவே கொண்டு வந்திருக்கிறோம். அம்மியும் உரலும் ரயிலேறவில்லை. ஆனால் அளவுகளும் நேரக் கணக்கும் வந்துவிட்டன. தில்லிக் குளிரில் இட்லி மாவு பொங்காது என்பதை முதல் மார்கழியிலேயே ஒவ்வொரு குடும்பமும் கண்டுகொள்கிறது. அதற்கு வேண்டிய உபாயத்தையும் செய்துகொள்கிறது. ஆயினும் தானியத்தையும் பயற்றையும் முளை கட்டும் விஷயத்தில் இத்தகைய எச்சரிக்கை நம்மிடையே போதிய அளவில் இல்லை. மாவு பொங்காவிட்டால் இட்லி கல்லாகும், தீங்கு அவ்வளவே. முளை கட்டுவதில் ஈரத்தின் அளவு தவறினாலோ, அதன் பலனை அனுபவிப்பது பெரும்பாலும் வீட்டிலுள்ள சிறு குழந்தைதான். கேழ்வரகை முளை கட்டி மாவாக்கிக் கூழ் காய்ச்சுவது குழந்தைக்காகத்தானே? ஆதலின் இம்மாதம் இதுபற்றிச் சற்று விரிவாக எழுத முற்படுகிறோம்.

நம் இல்லத்தில் நிகழ்ந்தது

பிறர் கதை எதற்கு? நம் இல்லத்தில் நிகழ்ந்ததையே ஒளிக்காமல் கூறுகிறோம். மும்பைக்கு மாற்றலாகி வந்த முதல் ஆண்டு அது. ஆடி மாதம். பேரக் குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்து, தாய்ப்பாலுடன் கூழும் கொடுக்கலாம் என்ற காலம் வந்தது. திருநெல்வேலியிலுள்ள பெரியம்மாவைத் தொலைபேசியில் அழைத்துப் பக்குவம் கேட்டோம். "இரவு ஊறப் போடு, காலையில் வடித்துத் துணியில் கட்டு, மறுநாள் முளை விட்டிருக்கும், வெயிலில் காயப் போட்டு அரை" என்றார்கள். நான்கு வாக்கியங்கள்தாம். ஐம்பது ஆண்டுகளாக அவர்கள் கையில் ஒருமுறையும் தவறாத பக்குவம்.

சொன்னபடியே செய்தோம். முளையும் வந்தது. வெயில்தான் வரவில்லை. நான்கு நாட்கள் விடாமல் மழை. கூடத்தில் மின்விசிறியின் கீழ்ப் பரப்பி, கைக்குக் காய்ந்ததாகத் தோன்றியதும் அரைத்து டப்பாவில் அடைத்தோம். பத்து நாட்கள் சென்றபின் குழந்தை கூழைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிடிவாதம் என்று நினைத்து, பாட்டுப் பாடி, வேடிக்கை காட்டி, இரண்டு வேளை ஊட்டியும் விட்டோம். அன்று மாலை, குழந்தைகள் 'ஆஜி' என்றழைக்கும் அடுத்த வீட்டு மராட்டிய மூதாட்டி தற்செயலாக வந்தார். டப்பாவைத் திறந்து முகர்ந்தவுடனே அவர் முகம் மாறிவிட்டது. மாவு அடியில் கட்டி தட்டியிருந்தது; மக்கிய வாடை வீசியது. பெரியவர்களாகிய நம் மூக்குக்கு எட்டாதது அக்குழந்தையின் நாவுக்கு எட்டியிருக்கிறது. தெய்வாதீனமாகக் குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. எனினும் அன்றிரவு வீட்டில் யாரும் உறங்கவில்லை.

பெரியம்மாவின் பக்குவத்தில் பிழை உண்டா? இல்லை. தென்மேற்குப் பருவக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மும்பையில் மழையாகக் கொட்டும் அதே ஆடி மாதத்தில், மலைக்குக் கிழக்கேயுள்ள திருநெல்வேலிச் சீமையில் உலர்ந்த காற்று வீசுகிறது. முற்றத்தில் வெயிலும் காய்கிறது. அவர்கள் சொன்ன பக்குவத்தில் பாதியைச் செய்து முடிப்பது அவ்வூர்க் காற்று. அது வேறு ஊருக்கு வராது என்பதை அவர்கள் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கவும் நியாயமில்லை. அந்தப் பாதியை, குடிபுகுந்த ஊரில் நம் கையாலேயே செய்துகொள்ள வேண்டும்.

தானியத்துக்குள் நடப்பது என்ன?

கடையில் வாங்கும் காய்ந்த தானியத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பங்கு நீர் இருக்கிறது. அந்நிலையில் அது உறங்குகிறது. நீரில் இட்டதும் உறிஞ்சி விழிக்கிறது. விழித்த வித்து, தன் குருத்தை வளர்ப்பதற்காகச் சேமித்து வைத்த மாவுப் பொருளைக் கரைத்துக்கொள்ள 'அமைலேஸ்' என்னும் நொதியை உண்டாக்குகிறது. இந்நொதியே நமக்கு வேண்டியது. சாதாரண மாவில் காய்ச்சிய கூழ் சிறிது ஆறியதும் களிபோல் இறுகிவிடும். குழந்தை விழுங்குவதற்காக நீரை ஊற்றி இளக்குவோம். வயிறு நீரால் நிறையும், சத்து குறையும். முளை கட்டிய மாவிலோ நொதி மாவுப் பொருளைத் துண்டிப்பதால் கூழ் இளகியே இருக்கும். ஆகவே அதே கிண்ணத்தில் அதிக மாவைச் சேர்க்க இயலும். மைசூரில் 1950-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மல்லேஷி, தேசிகாச்சார் இருவரும், முளை கட்டிய கேழ்வரகையும் பச்சைப் பயற்றையும் கொண்டு இவ்வாறு இளகிய குழந்தை உணவு அமைப்பதைப் பற்றி 1982-இல் கட்டுரை வெளியிட்டனர். கெட்டியான கூழில் முளைத் தானிய மாவைச் சிறிதளவு கலந்தாலே அது இளகிவிடும் என்பதைப் பரோடாப் பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் முதலியோர் 1980-களில் ஆராய்ந்தனர். நம் பாட்டிமார் கையால் அறிந்ததை ஆராய்ச்சிக்கூடம் காரணத்தோடு விளக்கிற்று எனலாம்.

இனி ஈரத்துக்கு வருவோம். முளை கட்டுவது மூன்று வேலைகளைக் கொண்டது: நீரை உள்ளே புகுத்துவது, புகுந்த ஈரத்தைக் காப்பது, முளைத்தபின் அதை முற்றிலும் வெளியேற்றுவது. இம்மூன்றில் எதைத் தவறினாலும் பாழ்தான்.

முதலாவது: ஊறுதல்

வித்து விழித்ததும் மூச்சு விடத் தொடங்குகிறது. காற்றில் பிராண வாயு பரவும் வேகத்தைக் காட்டிலும் நீரில் அது பரவும் வேகம் ஏறக்குறைய பதினாயிரம் மடங்கு குறைவு. எனவே நெடுநேரம் நீருக்குள் கிடக்கும் தானியம் மூச்சுத் திணறுகிறது. நீர் நுரைத்துப் புளிக்கிறது. வாற்கோதுமையை முளைக்க வைக்கும் பெரிய ஆலைகளிலும் தொடர்ந்து ஊற வைப்பதில்லை. இடையிடையே நீரை வடித்துத் தானியத்தைக் காற்றாட விட்டு, மீண்டும் நீர் ஊற்றுகிறார்கள். நாமும் அவ்வாறே செய்யலாம். கேழ்வரகைக் கல், தூசி போக அரித்து, ஆறு மணி நேரம் ஊற வைத்து, வடித்து ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, புது நீரில் மீண்டும் ஐந்தாறு மணி நேரம் வைத்தால் போதும். அலசுவதற்கும் ஊற வைப்பதற்கும் குடிநீரையே பயன்படுத்தவேண்டும்.

போதிய நீர் ஏறிவிட்டதா என்பதை எடையால் அறியலாம். ஒரு கிலோ கேழ்வரகு ஊறி, நன்றாக வடிந்தபின் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ இருக்கும். பச்சைப் பயறு அதைவிட அதிகமாகக் குடிக்கும். ஒரு கிலோ சுமார் இரண்டு கிலோ ஆகும். தராசு இல்லாதவர்கள் ஒரு மணியை நகத்தால் கிள்ளிப் பார்க்கலாம். நடுவில் வறண்ட வெண்மாவு தெரிந்தால் இன்னும் ஊறவில்லை என்று பொருள்.

இரண்டாவது: கட்டி வைத்தல்

வெற்றியும் தோல்வியும் தீர்மானமாவது இங்கேதான். வடித்தவுடனே துணியில் கட்டுவது தவறு. கண் தட்டில் அரைமணி நேரம் வைத்து, சொட்டு நிற்கும்வரை வடியவிட வேண்டும். உள்ளங்கையில் ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கை நனையவேண்டும், நீர் சொட்டக்கூடாது. ஈரம் மணிக்குள் இருக்கவேண்டும். மணிகளுக்கிடையே காற்று இருக்கவேண்டும். இடைவெளியில் நீர் தேங்கினால் முளைக்கு முன் பூசணம் முந்திக்கொள்ளும்.

துணி மெல்லிய பருத்தியாக, கஞ்சியோ சோப்போ இல்லாமல் வெந்நீரில் அலசியதாக இருத்தல் நலம். இறுக்கிக் கட்டலாகாது. முளைக்கும் தானியம் வெப்பத்தை வெளிவிடுவதால் பெரிய முடிப்பின் நடுப்பகுதி சூடேறும். விரலை நடுவில் நுழைத்துப் பாருங்கள். கதகதப்புக்கு மேல் சூடு தெரிந்தால் அவிழ்த்து, கிளறி, ஆறவிட்டுக் கட்டவேண்டும். அரைக் கிலோவுக்கு மேல் ஒரே முடிப்பாகக் கட்டாமலிருப்பது உத்தமம்.

இங்கே ஊருக்கு ஊர் கைப்பாகம் மாறுகிறது. தில்லி, ஜெய்ப்பூர், நாகபுரி முதலிய இடங்களில் சித்திரை, வைகாசியில் அனல் காற்று வீசும்போது மேல்துணி இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். துணியோரத்திலுள்ள மணிகள் முளைக்காமலே வறண்டு போகும். அங்கே முடிப்பை மண்சட்டியில் வைத்து, ஈரத்துணியால் வாய்மூடி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைக்கவேண்டும். நீரில் நனையும் திரை வழியே காற்றை ஊதும் கூலர் உள்ள அறையானால் இன்னும் நல்லது; அதன் காற்றிலேயே ஈரம் உண்டு. துணி காயும்போது நீர் தெளிக்கலாம், ஊற்றக்கூடாது.

அதே தில்லியில் மார்கழி, தை மாதங்களில் முளை எளிதில் வாராது. ஒரு நாளில் வரவேண்டியது மூன்று நாள் ஆகும். பொறுமையிழந்து மேலும் மேலும் நீர் தெளிப்போர் பலர். குறை நீரிலன்று, சூட்டில் இருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்து, முடிப்பைச் சூடு காக்கும் பாத்திரத்தில் மூடியைச் சற்றுத் திறந்து வைத்தோ, கம்பளியால் சுற்றிய அடுக்கில் வைத்தோ, அடுக்களையிலேயே காப்பாற்றினால் போதும்.

மும்பை, கொல்கத்தா முதலிய ஊர்களின் மழைக்காலத்திலோ தெளிப்பதற்கே வேலையில்லை. காற்றே நனைந்திருக்கிறது. மூடுவதைவிடத் திறப்பதுதான் அங்கே முக்கியம். நம் அண்டை வீட்டு ஆஜி, மட்கி என்னும் பயற்றை முளை கட்டி உசல் செய்பவர். மழைக்காலத்தில் அவர் துணியில் கட்டுவதையே விட்டு, கண் தட்டில் ஒரு விரற்கடை உயரத்துக்கு மேற்படாமல் பரப்பி, மேலே துணியை மட்டும் போர்த்தி வைக்கிறார். காலை, மாலை இருவேளையும் அலசி, நன்றாக வடியவிட்டுக் கிளறுகிறார். மராட்டியர் இல்லங்களில் முளைப்பயறு அன்றாட உணவு; நமக்கு அது அவ்வப்போது செய்வது. அவர்களிடம் கேட்டுக் கற்பதில் இழுக்கில்லை.

வேரா, பூசணமா?

இரண்டாம் நாள் முடிப்பை அவிழ்த்ததும் வெண்பஞ்சு போன்ற ஒன்றைக் கண்டு சில சகோதரிகள் அஞ்சி, நல்ல முளையையும் கொட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் பூசணத்தையே வேரென்று எண்ணி ஏமாறுகிறார்கள். வேறுபாடு எளிது. வேர்த்தூவி முளைவேரைச் சுற்றி மட்டுமே, எல்லா மணிகளிலும் ஒரேவிதமாக இருக்கும். நீர் பட்டால் வேரோடு ஒட்டிக் கண்ணுக்குத் தெரியாமற்போகும். மணம் பச்சைப் புல்போல் இருக்கும். பூசணமோ மணியின் மேல்தோலிலும் படரும். ஒரு மணியிலிருந்து மறு மணிக்கு நூலாம்படைபோல் தாவும். பச்சை, கருமை, மஞ்சள் நிறம் காட்டும். மக்கிய வாடை வீசும். பெரும்பாலும் முளைக்காத, உடைந்த மணிகளிலேயே அது தொடங்குகிறது. ஆதலால் ஊற வைக்குமுன் புடைத்து, மிதக்கும் சொத்தையை நீக்குவது பாதி வெற்றி.

பூசணம் கண்டால் கழுவிப் பயன்படுத்தலாமா என்று கேட்போருக்கு, வேண்டாம் என்பதே நம் விடை. சிலவகைப் பூசணங்கள் உண்டாக்கும் 'அஃப்லடாக்ஸின்' போன்ற நஞ்சுகள் சமையல் சூட்டில் அழிவதில்லை. வறுத்துவிட்டோம், கொதிக்க வைத்துவிட்டோம் என்ற ஆறுதல் அங்கே செல்லாது. இரண்டு ரூபாய்த் தானியத்தைக் காக்கக் குழந்தையின் வயிற்றைப் பணயம் வைக்கலாமா?

மூன்றாவது: உலர்த்துதல்

முளை மணியளவு நீண்டதும் நிறுத்திவிட வேண்டும். நாம் தவறியது இவ்விடத்தில்தான். மேற்புறம் காய்வது வேறு, உள்ளே காய்வது வேறு. கைக்குக் காய்ந்த மணியின் உள்ளே இன்னும் ஈரம் இருக்கும். நூற்றுக்கு 14 பங்குக்கு மேல் நீர் நின்றால் சேமிப்பில் பூசணம் பிடிக்க இடமுண்டு.

இதனை அறிய மூன்று சோதனைகள் உண்டு. முதலாவது, பல்லால் கடித்தல்: 'டக்'கென்று உடையவேண்டும், நசுங்கினால் ஈரம். இரண்டாவது, எடை: ஒரு கிலோவில் தொடங்கியது, காய்ந்து வேர் உதிர்த்தபின் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே நிற்கவேண்டும். முளைக்கும்போது வித்து தன் சத்தில் ஒரு பகுதியைத் தானே உண்டுவிடுகிறது. வேரையும் நாம் நீக்கிவிடுகிறோம். எனவே பழைய எடையே இருந்தால், குறைந்த இடத்தில் நீர் நின்றிருக்கிறது என்று அறியலாம். மூன்றாவது, உப்பு: நன்றாக உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் ஒரு பிடி தானியமும் ஒரு கரண்டி உலர்ந்த தூள் உப்பும் இட்டுக் குலுக்கிச் சிலநிமிடம் வைத்தால், தானியம் ஈரமாயின் உப்பு புட்டியின் சுவரில் ஒட்டும், காய்ந்ததாயின் ஒட்டாது.

வெயிலுள்ள ஊரில் மெல்லப் பரப்பி, மேலே வலைத்துணி போர்த்தி, மணிக்கொருமுறை கிளறினால் ஒருநாள் அல்லது இரண்டு நாளில் வேலை முடியும். மாலையில் பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். மழைக்கால ஊரிலோ, முதலில் விசிறிக் காற்றில் ஓர் இரவு வைத்து, மறுநாள் கனத்த வாணலியில் மிக மெல்லிய தீயில், கைபொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலாக, விடாமல் கிளறி உலர்த்தலாம். சிவக்க வறுத்தால் மணம் கூடும். ஆனால் கூழை இளக்கும் நொதி அழிந்துவிடும். மழைக்காலத்தில் கால் கிலோவுக்கு மேல் தொடவேண்டாம். வற்றல், வடாம் இடும் கோடை நாட்களிலேயே மூன்று மாதத்துக்குரிய கேழ்வரகை முளை கட்டி, உலர்த்தி, மாவாக்காமல் மணியாகவே வைத்துக்கொண்டு, வேண்டியபோது சிறிது சிறிதாக அரைப்பது நாம் இப்போது கைக்கொள்ளும் முறை. உலர்ந்ததைச் சூடு ஆறாமல் டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்துவிடும் என்பதையும் மறக்கவேண்டாம்.

சில எச்சரிக்கைகள்

முளைக்கு உகந்த ஈரமும் சூடும் நோய்க் கிருமிகளுக்கும் உகந்தவை. 2011-ஆம் ஆண்டு ஜெர்மனியில் வெந்தய முளைகளின் வழியே பரவிய கிருமியால் ஐம்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். எனவே சிறு குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர் ஆகியோருக்கு முளைப்பயற்றைப் பச்சையாகக் கொடாமல் வேகவைத்தே கொடுக்கவேண்டும். முளை மாவுக் கூழையும் குளிர்ந்த நீரில் கரைத்து, மெல்லச் சூடேற்றி, முடிவில் நன்றாகக் கொதிக்க வைக்கவேண்டும்.

விதைக்காக விற்கும் தானியத்தில் பூச்சிமருந்து தடவியிருப்பார்கள். அதனை ஒருபோதும் உண்பதற்கு முளை கட்டக்கூடாது. சோளத்தின் முளையில் சயனைடு நஞ்சை விளைவிக்கும் பொருள் உண்டாகிறது. குழந்தை உணவுக்கு அதைத் தவிர்ப்பதே நலம். உமி நீக்கிய சாமை, தினை, வரகு அரிசிகளில் முளைக்கும் கரு பெரும்பாலும் சிதைந்திருக்கும். எத்தனை நாள் கட்டினாலும் அழுகுமேயன்றி முளைக்கா.

கேழ்வரகு கிடைக்கவில்லை என்று குறைப்படுவோருக்கு ஒரு சொல். பெயர்தான் மாறுகிறது. மராட்டியில் நாச்சணி, குஜராத்தியில் நாக்லி, உத்தரகண்டில் மண்டுவா, பீகாரிலும் ஜார்க்கண்டிலும் மடுவா, ஒடியாவில் மாண்டியா, கன்னடத்திலும் தெலுங்கிலும் ராகி என்று கேளுங்கள். இந்தியா முன்மொழிந்ததன்பேரில் ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபின் நகரக் கடைகளில் இவை முன்னைவிட எளிதில் கிடைக்கின்றன. மாவாக வாங்காமல் முழு மணியாக, அவ்வாண்டு விளைந்ததாகக் கேட்டு வாங்கவேண்டும். பழைய மணி முளைக்காது.

மறு ஆண்டு பெரியம்மா மும்பைக்கு வந்தார்கள். அதுவும் ஆடி மாதமே. முதல் நாளே கேழ்வரகை எடுத்துத் துணியில் கட்டப் போனவர்கள், சன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டினார்கள். சிறிது நேரம் நின்றார்கள். பிறகு துணியை மடித்து வைத்துவிட்டு, "அந்தக் கண் தட்டை எடு" என்றார்கள்.

வாசக அன்பர்கள் தத்தம் ஊரில் எந்த மாதத்தில் எத்தனை மணி நேரத்தில் முளை வருகிறது, எவ்வாறு உலர்த்துகிறார்கள் என்பதை ஓர் அஞ்சலட்டையிலோ கைப்பேசிச் செய்தியிலோ நமக்கு எழுதினால், அவற்றைத் தொகுத்து வெளியிடுவோம். அடுத்த மாற்றலில் அவ்வூருக்குப் போகும் ஒரு குடும்பத்துக்கு அது கைகொடுக்கும்.